நாமும் நாங்களும்



மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் இருபது ஆண்டுகளாக மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றி வருகிறேன். சட்டச் சொற்களும் நிர்வாகச் சொற்களும் நிறைந்த நீண்ட ஆவணங்களை ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்குக் கொண்டு செல்வது என் தொழில். இத்தொழிலில் இருப்போர் பெரிய சொற்களைக் கண்டு அஞ்சுவதில்லை. அவற்றுக்கு அகராதி உண்டு. கலைச்சொல் தொகுதி உண்டு. தொல்லை தருபவை சிறிய சொற்கள்தாம். இந்தியில் வழங்கும் 'ஹம்' என்னும் சொல் அவற்றுள் ஒன்று. தமிழில் அதற்கு இரண்டு சொற்கள். கேட்பவரையும் சேர்த்துக்கொண்டு பேசினால் 'நாம்'. கேட்பவரை நீக்கிப் பேசினால் 'நாங்கள்'. 'ஹம்' என்று எழுதியவர் யாரைத் தம்மோடு சேர்த்துக்கொண்டார், யாரை வெளியே நிறுத்தினார் என்பதை அறிந்தாலன்றி அந்த வாக்கியத்தைத் தமிழில் எழுத இயலாது.

இந்த வேறுபாட்டை அலுவலகத்தில் எத்தனையோ முறை கையாண்டிருக்கிறேன். ஆயினும் அதன் கனம் முழுவதும் எனக்கு விளங்கியது எங்கள் வீட்டுக் கூடத்தில்தான்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, கும்பகோணத்தை அடுத்த ஒரு சிற்றூரில் வாழும் என் தாயார், குளிர் சற்றுத் தணிந்த மாசி மாதத்தில் தில்லிக்கு வந்து எங்களுடன் தங்கியிருந்தார். ராமகிருஷ்ணபுரத்தில் எங்கள் அரசுக் குடியிருப்பு. என் மகனுக்கு அப்போது எட்டு வயது. ஒரு சனிக்கிழமை மாலை அவன் பாட்டியிடம் ஓடிச் சென்று, "பாட்டி, நாளைக்கு நாங்க லோதி தோட்டம் போறோம்" என்று உற்சாகமாகச் சொன்னான். "போயிட்டு வாங்க ராசா" என்றார் அவர்.

மறுநாள் காலை புளியோதரையும் தண்ணீர்ப் புட்டிகளும் பையில் ஏறிவிட்டன. என் கணவர் காலணி அணிந்து நின்றார். அம்மாவோ பழைய புடவையுடன் முறத்தில் அரிசியை வைத்துக்கொண்டு கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"என்னம்மா, இன்னும் கிளம்பலையா?" என்று கேட்டேன்.

"நானா? நீங்கதானே போறீங்க. நான் வீட்டைப் பார்த்துக்கிறேன்" என்றார்.

பையன் திகைத்துப் போனான். "நான்தான் நேத்தே சொன்னேனே பாட்டி, நாங்க போறோம்னு!" என்றான். அவன் அழுகைக்கு அருகில் இருந்தான். அவன் மனத்தில் எழுந்த சொல் 'ஹம்'. அதில் பாட்டியும் இருந்தார். அவருக்காகவே அந்த உலாவை எங்களிடம் கேட்டு வாங்கியவன் அவன். அந்தச் சொல்லுக்குத் தமிழ்ச் சட்டை போட்டபோது கைக்குக் கிடைத்ததைப் போட்டுவிட்டான். அவன் பாட்டியை அழைத்தான்; பாட்டியின் காதிலோ, 'உனக்கு இதில் இடமில்லை' என்று விழுந்துவிட்டது.

அம்மா சிரித்துக்கொண்டே எழுந்து புடவை மாற்றிக்கொண்டு வந்தார். தோட்டத்தில் எல்லோரும் மகிழ்ச்சியாகவே இருந்தோம். ஆனால் அன்றிரவு என்னிடம் தனியே சொன்னார்: "பிள்ளை கள்ளமில்லாமத்தான் சொன்னான். ஆனாலும் நேத்து ராத்திரி பூரா அது உறுத்திக்கிட்டே இருந்துச்சு."

நேயர்களே, இந்தச் சிறு நிகழ்ச்சியை வேடிக்கையாக எண்ணி விட்டுவிட என்னால் முடியவில்லை. காரணம், பிழை பையனுடையதன்று, என்னுடையது. அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அவன் தில்லியில் பிறந்தவன். மூன்று வயது வரை தமிழைத் தவிர வேறு மொழி அறியான். மழலையர் பள்ளியில் சேர்த்தோம். முதற்சில மாதங்கள் வகுப்பில் அவன் வாய் திறக்கவில்லை. ஆசிரியை ஒருவர் எங்களை அழைத்து, "வீட்டில் நீங்கள் தமிழ் பேசுவதால்தான் குழந்தை குழம்புகிறான். பள்ளியில் பேசும் மொழியையே வீட்டிலும் பேசுங்கள்" என்று அறிவுரை கூறினார். நல்லெண்ணத்தோடு சொல்லப்பட்ட அறிவுரை அது. நாங்களும் படித்தவர்கள் அல்லவா? அறிவுரை கேட்பதில் முந்திக்கொண்டோம். அன்று முதல் உணவு மேசையில் இந்தியும் ஆங்கிலமும் ஏறின, தமிழ் இறங்கியது. என் கணவரும் நானும் எங்களுக்குள் தமிழில் பேசிக்கொள்வோம். குழந்தையின் பக்கம் திரும்பியவுடன் மொழியை மாற்றிக்கொள்வோம். தமிழ் பெரியவர்களின் இரகசியப் பேச்சுக்கு உரியது என்று அவன் எண்ணியிருந்தால் அதில் வியப்பில்லை.

பள்ளியில் விரைவில் பேசத் தொடங்கினான். அதை எங்கள் தியாகத்தின் பயன் என்று நம்பினோம். புதிய மொழி பேசும் கூட்டத்தில் விடப்பட்ட குழந்தை சில மாதங்கள் வாய்மூடி, செவியைத் திறந்து வைத்திருப்பது இயல்பு என்பதும், நாங்கள் ஒன்றும் செய்யாதிருந்தாலும் அவன் பேசியிருப்பான் என்பதும் பின்னரே தெரிந்தன. இதற்குள் நான்கைந்து ஆண்டுகளில் அவன் தமிழ் வற்றிவிட்டது. சொன்னால் புரியும், திருப்பிச் சொல்ல வராது.

அம்மா வந்து இறங்கிய முதல் வாரம் எனக்கு மறக்க முடியாதது. அவர் ஒரு கேள்வி கேட்பார். பையன் இந்தியில் விடை சொல்வான். அம்மா என் முகத்தைப் பார்ப்பார். நான் தமிழில் எடுத்துச் சொல்வேன். அலுவலகத்தில் அதற்கு ஊதியம் வாங்குகிறேன். வீட்டிலும் அதே வேலை! ஒரு நாள் மாலை, கதை கேட்கும் ஆசையோடு பேரன் மடியில் வந்து அமர, பாட்டி கதையைத் தொடங்கினார். பாதியில் அவன் என்னைக் கூப்பிட்டு ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்டான், பிறகு இன்னொன்றுக்கு, பிறகு வேறொன்றுக்கு. அம்மா கதையை நிறுத்திவிட்டார். என் தாய்க்கும் என் மகனுக்கும் இடையே ஒரு மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டார். அந்தத் தேவையை உண்டாக்கியவளும் நானே.

அந்த அறிவுரை சரியானதுதானா என்று அதன் பின்னரே விசாரிக்கத் தொடங்கினேன். 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இரு மொழி கற்பது குழந்தையின் மனத்தைக் குழப்பும் என்று அறிஞர் பலரும் கருதியது உண்மை. ஆனால் அவர்களது சோதனைகளில் பல, வறுமையில் வாழ்ந்த குடியேறிகளின் குழந்தைகளை வசதி படைத்த வீட்டுக் குழந்தைகளோடு ஒப்பிட்டவை. வறுமையின் குறையை மொழியின் குறையாக எழுதிவிட்டனர். 1962ஆம் ஆண்டில் எலிசபெத் பீல், வாலஸ் லாம்பர்ட் என்னும் இருவர் கனடா நாட்டு மாண்ட்ரியல் நகரில், ஒத்த குடும்ப நிலையிலுள்ள பத்து வயதுப் பிள்ளைகளைச் சோதித்தனர். பிரெஞ்சும் ஆங்கிலமும் நன்கறிந்த பிள்ளைகள் ஒரு மொழியே அறிந்த பிள்ளைகளுக்குப் பின்தங்கவில்லை. அறிவுச் சோதனைகள் பலவற்றில் முந்தியே நின்றனர். நம் நாட்டிலும் அஜித் மொஹந்தி என்னும் உளவியலறிஞர், ஒடிசாவின் கோந்த் பழங்குடி மக்களிடையே இத்தகைய ஆராய்ச்சி நிகழ்த்தினார். தம் குயி மொழியையும் ஒடியாவையும் பேசிய குழந்தைகள், குயியை இழந்து ஒடியா மட்டும் பேசிய குழந்தைகளைக் காட்டிலும் சிறந்து விளங்கக் கண்டார். இரு மொழி அறிவதால் அறிவு கூடுகிறதா என்பதில் இன்றும் அறிஞரிடையே வாதம் உண்டு. குறைவதில்லை என்பதில் பொதுவாக உடன்பாடு உண்டு. பெற்றோருக்கு அது போதும்.

இன்னொன்றும் சொல்லலாம். தமிழும் இந்தியும் வெவ்வேறு குடும்பத்து மொழிகளாயினும் நெடுங்காலம் ஒரே நாட்டில் பழகியவை. 'எனக்குப் பசிக்கிறது' என்று நாம் சொல்லுவது போலவே அவர்களும் 'முஜே' என்று தொடங்கிப் பசியைச் சொல்வார்கள். 'நான்' என்று தொடங்குவதில்லை. வினைச்சொல் இரண்டிலும் வாக்கியத்தின் இறுதியில் வந்து அமர்கிறது. இவ்வொற்றுமைகளைத் தொகுத்தாராய்ந்து, இந்தியா முழுவதும் ஒரு மொழிப்பரப்பு என்று 1956ஆம் ஆண்டிலேயே எமனோ என்னும் மொழியியலறிஞர் எழுதினார். ஆகவே நம் குழந்தைகள் சுமப்பது ஒன்றுக்கொன்று பகையான இரு மூட்டைகள் அல்ல.

வெளியூரில் தாய்மொழி நிலைக்குமா என்று ஐயுறுவோர் மதுரையை நினைத்துக்கொள்ளலாம். பல நூற்றாண்டுகளாகத் தமிழ் மண்ணில் வாழும் சௌராஷ்டிர மக்கள் வீட்டில் தங்கள் மொழியையும் வெளியில் தமிழையும் பேசி வருகின்றனர். அவர்களுள் பெரும்பாலோர் பள்ளியில் அம்மொழியைப் படித்தவர்கள் அல்லர். அடுக்களையிலும் திண்ணையிலும் கேட்டுப் பெற்றவர்கள். இதனால் அவர்களது தமிழுக்குக் குறை வந்ததா? தமிழ்ச் சொல்லைத் தெளிவாக ஒலிப்பதற்குப் பெயர்பெற்று, 2013ஆம் ஆண்டில் மறைந்த டி.எம்.சௌந்தரராஜன் அச்சமூகத்தில் பிறந்தவரே. மறுபுறம், செங்கோட்டைப் பகுதியிலிருந்து சென்றதாகத் தங்கள் மரபில் சொல்லிக்கொள்ளும் சங்கேதி மக்கள் கர்நாடகத்தில் இருக்கிறார்கள். தமிழுக்கு நெருங்கிய உறவுடைய சங்கேதி மொழி அவர்களுக்கு வீட்டு மொழி. கன்னடம் ஊர் மொழி, எழுத்து மொழி. இவர்களையெல்லாம் காக்க எந்தச் சட்டமும் முதலில் வரவில்லை. 'வாசற்படிக்கு உள்ளே இது, வெளியே அது' என்ற வழக்கமே காத்தது.

நாங்களும் அந்த வழக்கத்தையே மேற்கொண்டோம். பிரெஞ்சு அறிஞர் ரோன்ழா என்பவர், தாம் பிரெஞ்சிலும் தம் மனைவி ஜெர்மனிலும் மட்டுமே மகனுடன் பேசி வளர்த்த வரலாற்றை 1913ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். ஆளுக்கொரு மொழி என்பது அவர் கொள்கை. எங்கள் வீட்டில் இருவரும் தமிழர். ஆகவே ஆளைப் பிரிக்காமல் வேளையைப் பிரித்தோம். இரவு உணவு முதல் உறங்கும் வரை தமிழ். தொடங்கிய வாரத்தில் உணவு வேளை மௌன விரதம் போல் இருந்தது. பையன் இந்தியில் கேட்டால் கடிந்துகொள்ளாமல் தமிழில் விடை சொன்னோம். அவ்வளவே விதி.

உண்மையான ஆசிரியர் அம்மாதான். அவருக்கு இந்தி தெரியாது என்பதே அவரது பெருந்தகுதி. எங்களிடம் இந்தியில் பேசித் தப்பித்துக்கொள்ள முடியும், அவரிடம் முடியாது. ஊரிலிருந்து கொண்டுவந்த பல்லாங்குழியையும் புளியங்கொட்டைகளையும் எடுத்து வைத்தார். பதினான்கு குழிகளில் காய் போட்டு எண்ணியதில் பையனுக்குத் தமிழ் எண்கள் வந்தன. தோற்றபோது வாதாடியதில் வாக்கியங்கள் வந்தன. சினத்தில் பேசும்போது குழந்தைகள் இலக்கணத்திற்கு அஞ்சுவதில்லை! கைம்மாறாக அவன், வீட்டு வாசலில் வண்டி நிறுத்தும் காய்கறிக்காரரிடம் விலை கேட்கப் பாட்டிக்கு இந்தி கற்றுக்கொடுத்தான். அவர் கத்தரிக்காயைப் பேரம் பேசி வாங்கி வந்த நாளில் பேரனுக்கு இருந்த பெருமையைச் சொல்லி முடியாது. தன் மொழியும் பாட்டிக்குப் பயன்படுகிறது என்று கண்ட பிறகு, பாட்டியின் மொழியைக் கற்பதில் அவனுக்கு வெட்கம் தீர்ந்தது.

பிழைகள் வந்தவண்ணம் இருந்தன. இந்தியில் 'கல்' என்பது நேற்றுக்கும் நாளைக்கும் ஒரே சொல். வினைச்சொல்லைக் கொண்டே காலம் தெரியும். ஆகவே, "நாளைக்கு மாமா வந்தாங்க" என்பான். சிரிக்காமல், "ஆமாம், நேத்து மாமா வந்தாங்க, பழம் கொடுத்தாங்க" என்று சரியான வடிவத்தில் திருப்பிச் சொல்லி உரையாடலைத் தொடர்வோம். திருத்தம் அவன் காதில் விழும். குற்றம் சாட்டப்பட்டதாகத் தோன்றாது.

எழுத்துக்கு வந்தபோது அவன் கேட்ட கேள்வி என்னை யோசிக்க வைத்தது. நாகரி எழுத்தில் ககர வரிசைக்கு நான்கு எழுத்துகள். தமிழில் 'க' ஒன்றைக் கண்டதும், "மீதி மூணும் எங்கே?" என்றான். 'பம்பரம்' என்று எழுதி வாசிக்கச் சொன்னேன். முதலில் நிற்கும் பகரம் வன்மையாகவும், மகரத்தை அடுத்து நிற்கும் பகரம் மென்மையாகவும் ஒலிப்பதைத் தானே கண்டுகொண்டான். எழுத்து ஒன்று; அது நிற்கும் இடம் ஒலியைத் தீர்மானிக்கும். அன்று முதல் அவனுக்குத் தமிழ் எழுத்து குறைபட்டதாகத் தோன்றவில்லை. ஒரு புதிர் விளையாட்டாகத் தோன்றியது. ழகரம் மட்டும் இன்னும் முழுமையாகப் பிடிபடவில்லை. அதற்கு அவனைக் குறை சொல்வானேன்? ஊரில் இருப்போர் பலருக்கும் அதே நிலைதான்.

இந்த இடத்தில் ஊரிலுள்ள உறவினர்களிடமும் ஒரு வேண்டுகோள். விடுமுறைக்கு வரும் எங்கள் பிள்ளைகள் பேசும் தமிழைக் கேட்டுச் சிரிக்காதீர்கள். "தில்லிக்காரன் தமிழ்" என்று நான்கு பேர் முன்னிலையில் ஒரு முறை சிரித்தால், நாங்கள் ஓராண்டு சேர்த்தது ஒரு பிற்பகலில் கரைந்துவிடும். வாய் மூடிய குழந்தையைக் காட்டிலும் பிழையோடு பேசும் குழந்தை மேல் அல்லவா?

வெளியிலிருந்து கிடைக்கும் துணையையும் மறக்கக் கூடாது. சிறுபான்மை மொழிக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்கும் வசதிக்கு மாநிலங்கள் முயல வேண்டும் என்னும் விதி 1956ஆம் ஆண்டில் அரசியல் சட்டத்தில் 350 ஏ பிரிவாகச் சேர்ந்தது. தில்லியில் 1923ஆம் ஆண்டில் தொடங்கிய தமிழ்க் கல்விக் கழகம் பள்ளிகளை நடத்துகிறது. 1946ஆம் ஆண்டில் தோன்றிய தில்லித் தமிழ்ச் சங்கத்தில் நூலகம் உண்டு. இத்தகைய வசதி எல்லா ஊரிலும் இல்லை. மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை மாற்றலாகி, நாகபுரியில் மராத்தியும் கொல்கத்தாவில் வங்காளமும் கற்கும் பிள்ளைகளும் நம்மிடையே இருக்கிறார்கள். பள்ளி மாறும், அண்டை வீடு மாறும், உணவு வேளையில் பேசும் மொழி ஒன்றை மட்டும் பெற்றோரால் மாறாமல் வைத்திருக்க முடியும். ஒரு வீட்டில் இது எளிதாக இராது. நாள் முழுவதும் வேலை செய்து களைத்து வரும்போது, குழந்தைக்கு விரைவில் புரியும் மொழியில் சொல்லி முடித்துவிடலாம் என்றே தோன்றும். எனக்கும் தோன்றியிருக்கிறது, பல இரவுகளில் தோற்றும் இருக்கிறேன். மறுநாள் இரவு மீண்டும் தொடங்கினோம்.

இவ்வளவும் எதற்காக என்று கேட்கலாம். மொழிப்பற்று என்று சொல்லி நிறுத்திக்கொள்ள எனக்கு மனமில்லை. இந்தியில் அவனுக்கு நண்பர்கள் இருக்கிறார்கள். அந்த மொழியின் மேல் எனக்கு எந்த மனக்குறையும் இல்லை. எனக்குச் சோறு போடுவதும் அதுவே. ஆனால் என் தாய்க்கு உள்ள மொழி ஒன்றே. அவர் தம் பேரனுக்குச் சொல்ல விரும்பும் சொற்கள் இடையில் ஓர் ஆள் இல்லாமல் அவனைச் சென்று சேர வேண்டும். மொழிபெயர்ப்பில் பொருள் போய்ச் சேரும், மடிச்சூடு சேராது. இதை, அத்தொழிலையே செய்பவள் சொல்கிறேன்.

அம்மா நான்கு மாதம் தங்கி, ஆனி மாதத்தில் ஊர் திரும்பினார். புது தில்லி நிலையத்தில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் நடைமேடைக்கு வந்தது. இந்தியில் வண்டி பெண்பால். "பாட்டி, ரயில் வந்துட்டா!" என்று கத்தினான் பையன். "ரயில் என்னடா, பொண்ணா?" என்று அம்மா கேட்க, அருகில் நின்ற தமிழ்க் குடும்பம் ஒன்றும் சேர்ந்து சிரித்தது. அவனும் சிரித்தான். மூட்டைகளை ஏற்றி, அம்மாவைச் சன்னலோரம் அமர்த்திவிட்டு இறங்கினோம். வண்டி நகரும் வேளையில் அவன் சன்னலருகே ஓடி, "பாட்டி, லீவுல நான் ஊருக்கு வர்றேன். நாம பல்லாங்குழி ஆடலாம்" என்றான்.

'நாம' என்றான். யாரும் சொல்லிக்கொடுத்துச் சொன்னதில்லை. அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கும் அது கேட்டிருந்தது.